குறுக்கே கதைக்க ஓர் ஆளைக் கர்த்தர் அனுப்பினார்

என் மகள் நிரஞ்சலா ஒரு இன்டர்வியூ முடிந்து, கொழும்புக் கோட்டையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் பஸ்ஸில் அழுதுகொண்டே வந்த நாளை என்னால் மறக்க முடியாது. வாசலில் செருப்பைக் கழற்றக்கூட இல்லை. "அம்மா, பதில் எல்லாம் தெரியும். வாய்தான் வரேல்லை" என்றாள். அவ்வளவுதான். போய்ப் படுத்துவிட்டாள்.

அவள் கெட்டிக்காரி. கணக்குப் படித்தவள். ஆனால் என்னைப் போலவே கூச்சம் உள்ளவள். யாராவது குறுக்கே ஒரு வார்த்தை பேசினால் போதும், கண் நிலத்துக்குப் போய்விடும், சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். என் வயிற்றில் பிறந்ததால்தான் இப்படி என்று நான் எத்தனையோ தரம் ஆண்டவரிடம் அழுதிருக்கிறேன்.

பெற்றோலுக்கு ஊரே வரிசையில் நின்ற வருடத்தில் அவள் வேலை செய்த கம்பெனியை மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு நிலையான வேலை இல்லை. போகிற இன்டர்வியூ எல்லாம் அந்தப் பஸ் பயணம் போலவே முடிந்தது.

பிறகு போன தை மாதம் ஒரு முதலீட்டு வங்கியிலிருந்து அழைப்பு வந்தது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், இந்த விஷயமெல்லாம் எனக்குத் தெரியாது. அவள்தான் விளங்கப்படுத்தினாள். கடனில் மூழ்கிப்போன கம்பெனிகளுக்காகக் கடன் கொடுத்தவர்களோடு பேசி, தவணையை மாற்றி, அவற்றை மூடவிடாமல் நிமிர்த்தி எடுக்கிற பகுதியாம். ரீஸ்ட்ரக்சரிங் என்று சொன்னாள். "எங்கட கம்பெனிக்கும் ஆராவது இப்பிடி வந்து கதைச்சிருந்தா மூடியிருக்க மாட்டினம் அம்மா. எனக்கு இந்த வேலைதான் வேணும்" என்றாள். அவள் ஒன்றை வேண்டும் என்று கேட்டதே அபூர்வம்.

ஒவ்வொரு நாளும் என்னைக் கதிரையில் இருத்தி, என் முன்னால் பேசிப் பழகினாள். "அம்மா, நடுவில குறுக்கே கேளுங்கோ. அங்க அப்பிடித்தான் கேப்பினம்." நான் எப்படிக் கேட்பேன்? யார் பேசினாலும் முடியும்வரை பேசாமல் இருந்தே பழகிய சீவன் நான். தலையை ஆட்டிக்கொண்டு இருந்தேன். அவள் தண்ணீர் ஓடுவது போலப் பேசி முடித்துவிட்டு, "இது சரிவராதம்மா" என்பாள்.

எங்கள் சபையில், வெள்ளவத்தையில் இருக்கிற ஒரு சகோதரன் முன்பு வங்கி முகாமையாளராக இருந்தவர். சனிக்கிழமை வந்து பழக்கிவிடுகிறேன் என்று சொல்லியிருந்தார். இன்டர்வியூ செவ்வாய்க்கிழமை. சனிக்கிழமை பின்னேரம் போன் வந்தது. மனைவிக்குச் சுகமில்லையாம், வர முடியாதாம். அவர் மேல் குற்றம் இல்லை. ஆனால் எனக்கு வேறு வழி தெரியவில்லை. குசினிக்குள் போய் அடுப்படியில் முழங்காலில் நின்றேன். "ஆண்டவரே, இனி எனக்குக் கேட்க ஆளில்லை. நீரே ஒரு ஆளை அனுப்பும்" என்று அழுதேன்.

ஆமென் சொல்லவில்லை, அதற்குள் கதவு தட்டும் சத்தம் கேட்டது. கீழ்வீட்டுப் புஷ்பம் அக்கா, கையில் ஒரு கிண்ணம் பலாக்கொட்டைக் கறியோடு. அவரும் எங்கள் சபைதான். நல்ல மனுஷி. ஆனால் யாரையும் ஒரு வசனம் முடிக்க விடமாட்டார். போதகரின் பிரசங்கத்துக்கே இருந்த இடத்திலிருந்து பதில் சொல்லுவார். இந்த இன்டர்வியூ விஷயத்தை ஒரு மாதமாக அவரிடமிருந்துதான் நாங்கள் ஒளித்துக்கொண்டிருந்தோம்.

"ஆரோட இங்கிலீசில கதைக்கிறாள் பிள்ளை? வெளிநாட்டு மாப்பிள்ளையோ?" உள்ளே மகள் தனியே பேசிப் பழகும் சத்தம் அவருக்குக் கேட்டுவிட்டது.

"இல்லையக்கா. வேலைக்கு இன்டர்வியூ. பழகிறாள்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை? நான் என்ன, மைக் கட்டியே சொல்லப்போறன்?"

"ஓமக்கா, சொல்லுவீங்கள்."

என் வாயிலிருந்து அது எப்படி வந்ததோ தெரியாது. புஷ்பம் அக்கா ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு கிண்ணத்தை வைத்துவிட்டு, வளையல் குலுங்கச் சிரித்தார். "ராணி, உனக்கும் வாய் இருக்கு!" என்று சொல்லி, என் கதிரையில் இருந்துகொண்டார். "சொல்லு பிள்ளை. தமிழில சொல்லு."

நிரஞ்சலா மெல்லத் தொடங்கினாள். "ஒரு ஹோட்டல் இருக்கெண்டு வையுங்கோ அன்ரி. நிறையக் கடன்..."

"எங்க? காலிக் கடற்கரையிலயோ?"

"சும்மா ஒரு ஹோட்டல் அன்ரி. இப்ப ஆக்கள் வருகினமில்லை..."

"சாப்பாடு சரியில்லாட்டி ஆர் வருவினம்?"

மகளின் கண் நிலத்துக்குப் போயிற்று.

"ஏன் நிப்பாட்டினாய்? நான் அப்பிடித்தான், கேட்டுக்கொண்டுதான் இருப்பன். நீ சொல்லு."

அவள் திரும்பத் தொடங்கினாள். புஷ்பம் அக்கா திரும்பக் குறுக்கே வந்தார். "கடன் கட்ட ஏலாட்டி வித்துத் துலைக்கிறதுதானே?"

"இப்ப வித்தா வங்கிக்குப் பாதிதான் வரும் அன்ரி. வேலை செய்யிற சனமும் தெருவில. கொஞ்சம் விட்டுக்குடுத்து நடக்க விட்டா, வங்கிக்கும் கூட வரும்."

"அதை வங்கிக்காரன் நம்புவானோ?"

"நம்ப வைக்கிறதுதான் அன்ரி எங்கட வேலை."

எங்கட வேலை என்றாள்! அதையும் புஷ்பம் அக்காவின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். நான் குசினிக்குள் ஓடிப்போய் அழுதேன். ஆண்டவரே, ஆளை அனுப்பச் சொல்லிக் கேட்டேன், நீர் இவரையா அனுப்பினீர் என்று அழுகைக்குள்ளேயே சிரிப்பும் வந்தது.

ஞாயிறு ஆராதனைக்குப் பிறகும் வந்தார், திங்களும் வந்தார். திங்கள் பின்னேரம் நிரஞ்சலா கையை உயர்த்தி, "அன்ரி, பொறுங்கோ. இதை முடிச்சிட்டு உங்கட கேள்விக்கு வாறன்" என்றாள். புஷ்பம் அக்காவைப் பொறுக்கச் சொன்ன ஆளை நான் என் வாழ்நாளில் கண்டதில்லை. அவரும் பொறுத்தார்! "இனி இவள் ஆருக்கும் பயப்பிட மாட்டாள்" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனார்.

செவ்வாய்க்கிழமை அவள் போன பிறகு நானும் புஷ்பம் அக்காவும் ஜெபித்துக்கொண்டிருந்தோம். அவர் சத்தமாக, நான் மனதுக்குள். மத்தியானம் படியில் மகளின் காலடிச் சத்தம் வேகமாகக் கேட்டது. கேள்வி கேட்டவர்களில் ஒருவர் விடாமல் குறுக்கிட்டாராம். "முந்தியெண்டா அழுதிருப்பன் அம்மா. இண்டைக்கு, அன்ரியை விட இவர் பரவாயில்லை எண்டு நினைச்சன்" என்றாள். புஷ்பம் அக்கா அவள் முதுகில் ஒரு அடி போட்டார். எனக்கு அது ஆசீர்வாதம் போலவே இருந்தது.

மாசி மாதத்தில் வேலை கிடைத்தது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம். இன்று அவள், கடனால் மூடப்படவிருக்கிற கம்பெனிகளில் வேலை செய்கிறவர்களுக்காகப் பேசிக்கொண்டிருக்கிறாள்.

எனக்கும் ஒரு நன்மை நடந்தது. பெண்கள் ஜெபத்தில் வருடக்கணக்காக வாய் திறக்காத நான், போன வெள்ளிக்கிழமை எழுந்து நின்று ஒரு வசனம் சத்தமாக ஜெபித்தேன். குரல் நடுங்கியது. ஆனாலும் முடித்தேன். இடையில் புஷ்பம் அக்கா "ஆமென், ஆமென்" என்று குறுக்கே சொல்லிக்கொண்டே இருந்தார். நான் நிற்கவில்லை.

அன்பானவர்களே, உங்களுக்கு எப்படிப்பட்ட உதவி வேண்டும் என்று கர்த்தரிடம் கேளுங்கள். எந்த ஆள் மூலம் என்பதை அவரிடமே விட்டுவிடுங்கள். உங்கள் பிள்ளைகளில் யாருக்காவது இன்டர்வியூ இருந்தால், வெட்கப்படாமல் சனிக்கிழமை பின்னேரம் எங்கள் வீட்டுக்குக் கூட்டி வாருங்கள். தேத்தண்ணீர் நான் தருவேன். கேள்வி கேட்கப் புஷ்பம் அக்கா தயாராக இருக்கிறார். வாயைத் திறக்கச் செய்கிறவர் கர்த்தர்.