ராகுகாலம் முடியும்வரை காரில் இருந்த டப்பா

என் அக்கா புருஷனை எனக்குப் பிடிக்காது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. மத்திய அரசில் செக்ஷன் ஆபீசர், டில்லி துவாரகாவில் சொசைட்டி பிளாட், உலகத்தில் தனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்கிற நினைப்பு. நான் முனிர்காவில் ஒற்றை அறையில் இருந்துகொண்டு பக்கத்து யுனிவர்சிட்டி லேபில் பதினொரு வருஷமாக வேலை பார்க்கிறேன். விசேஷ வீடுகளில் நாலு பேர் நடுவில் என்னைக் காட்டி, "இவ லேப்ல பாட்டில் கழுவுதா" என்பார். பாட்டிலும்தான் கழுவுகிறேன். மற்ற நேரமெல்லாம் புற்றுநோய்க் கட்டிகளில் கைனேஸ் என்ன பண்ணுகிறது என்று பார்க்கிறேன்.

கைனேஸ் ஒன்றும் வெளியிலிருந்து வந்த விஷமில்லை. எல்லார் உடம்பிலும் இருக்கிற புரதம். மற்ற புரதங்களில் பாஸ்பேட்டை ஒட்டிவைத்து, வளரு, நகரு, நில்லு என்று ஏவுவது அதன் வேலை. சில கைனேஸ்கள் அளவுக்கு மிஞ்சிப் போனால், செல் தன் இடத்தை விட்டுக் கழன்று, நடுவில் இருக்கிற சவ்வைக் கரைத்துக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போய்விடும். முனிர்காவில் என் வீட்டு ஓனர் பக்கத்து மனைக்குள் சுவரைத் தள்ளி ரூம் இறக்குகிற மாதிரி. எந்தக் கைனேஸ் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான், கட்டி எவ்வளவு பரவும், என்ன மருந்து கொடுப்பது என்று டாக்டர்கள் முடிவு செய்கிறார்கள்.

அக்காவுக்கு மார்பில் கட்டி. ஊசியால் துணுக்கு எடுத்துப் பார்த்துக் கேன்சர்தான் என்று சொல்லிவிட்டார்கள். மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஒரு சின்ன நர்சிங் ஹோமில் ஆபரேஷன். அங்கே சொந்தமாக லேப் கிடையாது. வெட்டி எடுத்ததை டப்பாவில் போட்டு வீட்டு ஆள் கையில் கொடுத்துவிடுவார்கள். நாம்தான் வெளி லேபுக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். நான் அன்றைக்கு அங்கே போகவில்லை. முந்தின வாரம்தான் அத்தானோடு பெரிய வாய்ச்சண்டை ஆகியிருந்தது.

கொஞ்ச நாளில் ரிப்போர்ட் வந்தது. நாங்கள் பயந்த அந்தக் கைனேஸ் இல்லை என்று போட்டிருந்தது. அது நிறைய இருந்தால் கட்டி வேகமாகப் பரவும், ஆளுக்கு ஆபத்து அதிகம். ஆனால் அதை அடக்குவதற்கென்றே ஊசி இருக்கிறது. இல்லையென்று வந்தால் அந்த ஊசியைக் கொடுக்கமாட்டார்கள். அத்தான் லட்டு வாங்கிப் பிளாட் பிளாட்டாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஒன்று கொடுத்தார்.

"எல்லாம் நேரம் பாத்துச் செஞ்சதுதான். மூணு மணிக்கு டப்பாவக் கையில குடுக்கான். சரியா ராகுகாலம். கார்லயே வச்சிக்கிட்டு உக்காந்துட்டேன். நாலரைக்கு மேலதான் லேப் படிய மிதிச்சேன்."

"டப்பாவுல பார்மலின் இருந்துச்சா?" என்றேன்.

"உப்புத்தண்ணி. அங்க போய் மாத்திக்கிடுவாங்கன்னான்."

வெட்டி எடுத்த சதை உடனே அடங்கிவிடாது. பார்மலினில் போடுகிற வரைக்கும் உள்ளே இருக்கிற புரதங்கள் சிதைந்துகொண்டே இருக்கும். மே மாத டில்லி வெயிலில், காருக்குள், ஒன்றரை மணி நேரம். இருக்கிற கைனேஸைக்கூட இல்லையென்று காட்டுவதற்கு அது தாராளமாகப் போதும்.

"உங்க ராகுகாலத்துல தீய வைக்க. அவளுக்கு ஊசி கிடைக்காம பண்ணிட்டீங்களே. படிச்ச மனுசன்தானே நீங்க?"

அவர் முகம் வெளுத்துப் போனது. ஆனாலும் விடவில்லை. "ஒன்னக் கேக்கத்தான் அங்கருந்து மூணு தடவ போன் போட்டேன். மூணு தடவயும் கட் பண்ணிட்டே."

உண்மைதான். அவர் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் கட் பண்ணினேன். அதனாலேயே இன்னும் சத்தமாகக் கத்தினேன். வீட்டைப் பெருக்கிக்கொண்டிருந்த பெண் துடைப்பத்தைப் போட்டுவிட்டுப் பால்கனிக்குப் போய்விட்டாள்.

உள்ளறையிலிருந்து அக்கா குரல் கொடுத்தாள். "ரெண்டு பேரும் கீழ பார்க்கிங்ல போய்ச் சண்ட போடுங்க. கட்டி ஒங்களுக்கா எனக்கா?"

மறுநாளே டாக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். ஆபரேஷனுக்கு முன்னால் ஊசியால் எடுத்த துணுக்கு அப்போதே பார்மலினில் போட்டது, மெழுகுக் கட்டியாக இன்னும் பத்திரமாக இருக்கிறது, அதில் திரும்பப் பாருங்கள் என்றேன். அவர் சதையோடு லேபுக்குப் போன படிவத்தைப் புரட்டிப் பார்த்தார். சதையை எடுத்த நேரம், பார்மலினில் போட்ட நேரம், இரண்டு கட்டமும் காலியாகக் கிடந்தன. எழுதிக் கொடுத்தார். அந்தத் துணுக்கை வேறொரு லேபுக்கு நானே கொண்டுபோனேன். அத்தானை டப்பா பக்கமே விடவில்லை. அவரும் கேட்கவில்லை.

ரிப்போர்ட் வந்த அன்றைக்கு லேப் வாசலிலேயே பிரித்துவிட்டேன். அந்தக் கைனேஸ் இருந்தது. கொஞ்சநஞ்சமில்லை, ஏகத்துக்கு இருந்தது. துவாரகாவுக்கு மெட்ரோ ஏறினேன். அத்தானிடம் முதலில் என்ன கேட்பது, அதற்கு அவர் என்ன சமாளிப்பார், அப்புறம் நான் என்ன சொல்லி வாயடைப்பது என்று ஸ்டேஷன் ஸ்டேஷனாகக் கோத்துக்கொண்டே போனேன்.

கதவைத் திறந்தது அக்கா. ஆபரேஷன் ஆன பக்கத்துக் கையை இன்னும் தூக்க முடியாமல் மடக்கி வைத்திருந்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"என்னட்டி, மூஞ்சியெல்லாம் சிரிப்பாணி? நல்ல ரிசல்ட்டா?"

நான் சிரித்துக்கொண்டிருந்தேன் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. என் அக்காவுக்கு வந்திருப்பது வேகமாகப் பரவுகிற ஜாதி என்று எழுதின காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அத்தானை ஜெயித்துவிட்டேன் என்று லேப் வாசலிலிருந்து சிரித்துக்கொண்டே வந்திருக்கிறேன். காகிதத்தை நாலாக மடித்தேன்.

"ஊசி போடலாம்க்கா" என்றேன்.

"கேட்டேளா, ஊசி போடலாமாம். நல்ல ரிசல்ட்டுதான்" என்று அவள் உள்ளே திரும்பி அத்தானிடம் சொன்னாள். அவர் அவசர அவசரமாக எழுந்து வந்தார். இல்லைக்கா, நல்ல ரிசல்ட் இல்லை என்று அந்த இரண்டு பேர் முகத்தையும் பார்த்து நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.