உப்பிட்ட தசைத்துண்டு

என் மனைவி இறந்த நாற்பத்தோராம் நாள் ஆஸ்பத்திரி வேலைக்குத் திரும்பினேன். வீட்டைவிட அங்கே எளிது என்றல்ல. அங்கே என்னை யாரும் எதுவும் விசாரிக்கமாட்டார்கள். நோயாளிகளின் உடலிலிருந்து வெட்டியெடுத்த தசையில் புற்று உண்டா என்று மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்வது என் தொழில்.

அன்று காலை கடற்கரையிலிருந்து ஒரு மீனவரும் அவர் மனைவியும் வந்தார்கள். கீழ்த்தாடையில், வெற்றிலையும் புகையிலையும் அடக்கும் இடத்தில், அவருக்கு ஒரு வளர்ச்சி. அவர்கள் ஊர்ப் பக்கத்து வைத்தியசாலை டாக்டர் அதில் பாக்களவு வெட்டி, தசை கெடாமல் காக்கும் ஃபார்மலின் ஊற்றிய குப்பியில் இட்டு அனுப்பியிருந்தார். குப்பியைத் திறந்தேன். திரவம் இல்லை. துண்டைச் சுற்றிலும் கல்லுப்பு.

அந்தத் தண்ணீரின் நெடி கண்ணை எரித்ததாம். தசையை அது தின்றுவிடும் என்று அஞ்சி, மீனவரின் மனைவி அதைக் கொட்டிவிட்டு, கருவாட்டுக்கு இடுவதுபோல் உப்பில் பொதிந்து கொண்டுவந்திருக்கிறாள்.

"மாம்சம் அழுவாம இருக்க வேற என்ன செய்ய, ஐயா?" என்றாள்.

அவர் வீங்கிய கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டு, "நல்ல காலம், வெயில்ல காயப் போடல்ல," என்றார்.

"நீரு சும்ம இரும்."

உப்பு ஈரத்தை உறிஞ்சினால் உயிரணுக்கள் சுருங்கிவிடும். எது எதுவென்று சொல்ல இயலாது. மறுபடி ஒரு துண்டு வேண்டும் என்றேன். அவர் மறுத்தார். முதல் வெட்டின் இரத்தமே எளிதில் நிற்கவில்லையாம். இன்று பதில் இல்லையென்றால் ஊருக்குப் போய் வள்ளத்தில் ஏறிவிடுவாராம். ஆதாரமின்றி எங்கள் டாக்டர் தாடையில் கத்தி வைக்கமாட்டார். அது புற்றாக இருந்து அவர் திரும்பிப் போனால், அதிக நாள் இருக்கமாட்டார்.

சன்னலோரம் அமர்ந்தேன். துண்டைக் கழுவி, இறுகிப்போன புறத்தைச் சீவித் தள்ளினேன். நடுவில் மிளகளவு மிருதுவான தசை எஞ்சியது. அவ்வளவு ஆழம் உப்பு இறங்கவில்லை. அதை இரண்டு ஊசிகளால் நார் நாராகப் பிரித்து, கண்ணாடிச் சில்லுகளில் தடவிச் சாயமேற்றினேன். முதல் சில்லில் இரத்தம். அடுத்ததில் வெறும் தசைநார். மூன்றாவதில் சீழ். என் மனைவி மூன்று நாள் காய்ச்சலில் போனாள். தேடிப் பார்ப்பதற்கு எவரும் எதையும் என் கையில் தரவில்லை. கண் சோர்ந்தது. எதைக் காண விரும்புகிறேன் என்பதும் தெளிவாக இல்லை.

நான்காவது சில்லின் ஓரத்தில் அவை இருந்தன: ஒன்றோடொன்று ஒட்டிய ஐந்தாறு உயிரணுக்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் அளவுக்கு மீறிப் பருத்த கரு. புற்றுதான். டாக்டரை அழைத்தேன். நெடுநேரம் பார்த்தார். இவ்வளவுதானா என்று கேட்டார், இவ்வளவுதான் என்றேன். போதும் என்றார்.

சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது. சொன்னேன். தாடையில் ஒரு பாதியை எடுக்கவேண்டியிருக்கும் என்பதையும் மறைக்கவில்லை.

"எடுத்தா சோறு திங்கலாமா?"

"கஞ்சி குடிக்கலாம்."

அவர் மனைவியைப் பார்த்தார். "வள்ளத்துல எனக்குப் பதிலா வேற ஆளு ஏத்தச் சொல்லுவியா?"

அவள் தலையசைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, எந்த வார்டு என்று கேட்டாள்.