கோர்ட்டை மாற்றக் கேட்டு ஒரு மனு

சைக்கிளில் டபுள்ஸ் போனதற்கு ஒரு வழக்கு. கேட்டால் சிரிப்பீர்கள். எனக்கு இன்றுவரை சிரிப்பு வரவில்லை.

அப்போது நான் தஞ்சாவூர் தாலுகா ஆபீசில் புதுக் குமாஸ்தா. ஆபீஸ் வேலையாகப் போன ஒரு நாள், திருக்காட்டுப்பள்ளி கடைத்தெருவில் ஹெட் கிளார்க்கைப் பின்னால் உட்கார வைத்து மிதித்துக்கொண்டு போனேன். போலீஸ்காரர் மறித்து எங்கள் இரண்டு பேர் மேலும் வழக்கு எழுதிக்கொண்டார். கோர்ட்டுக்கு வரச் சொன்ன தேதியை அப்புறம்தான் கவனித்தேன். அதே கோர்ட்டில் அதே நாளில் எங்கள் தெரு ஆட்களுக்கு வாய்தா. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு, மிராசுதார் வயலில் அறுப்பை மறித்த வழக்கு. அதில் முதல் எதிரியாகப் போலீஸ் பேர் எழுதியிருந்தது என் அப்பாவை.

ஆபீசில் நான் என்ன சொல்லி வைத்திருந்தேன் தெரியுமா? அப்பாவுக்குச் சொந்த நிலம், ஆள் வைத்து விவசாயம் என்று. கூலி நெல்லில் படித்த புளுகன் நான்.

வழக்கைத் தஞ்சாவூர் கோர்ட்டுக்கு மாற்றித் தரக் கேட்கலாம் என்று ஹெட் கிளார்க்கிடம் நான்தான் சொன்னேன். கோர்ட் வாசலில் மனு எழுதுகிறவர், என்ன காரணம் போடுவது என்று கேட்டார்.

"ஆபீசுக்குத் தூரம்னு எழுதினா நிக்காது சார். அன்னைக்கு வர்ற அறுப்பு கேசு ஆளுங்களால பயம்னு போட்டுடவா?"

ஹெட் கிளார்க் தலையாட்டினார். நான் கையெழுத்துப் போட்டேன். படித்துப் பார்த்துத்தான் போட்டேன்.

எங்கள் ஆபீசில் காகிதத்தைக் கொடுத்தால் காகிதம்தான் போகும், ஆள் போக வேண்டாம். கோர்ட்டும் அப்படித்தான் என்று நினைத்துத் தொலைத்தேன். மனுவை அந்த வாய்தா நாளிலேயே நேரில் நின்று கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

அன்று கோர்ட் கிளார்க் மனுவை உரக்க வாசித்தார். "மேற்படி கூலியாட்கள் மூர்க்கமானவர்கள். அவர்கள் கூடும் இடத்துக்கு வர எங்களுக்கு அச்சமாக உள்ளது."

சுவரோரம் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றவர்களில் அப்பாவும் இருந்தார். என்னைப் பார்த்தார். என் பக்கத்தில் நின்ற ஹெட் கிளார்க்கையும் பார்த்தார். தெருக்காரர் ஒருவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்பா அவர் கையைப் பிடித்து அழுத்தினார்.

மாஜிஸ்ட்ரேட் அவர்கள் பக்கம் திரும்பினார். "இவங்களை நீங்க யாராவது மிரட்டினீங்களாப்பா?"

அப்பா கைகூப்பினார். "இல்லீங்க அய்யா. அவுங்க யாருன்னே எங்களுக்குத் தெரியாதுங்க. எங்களால அவுங்களுக்கு ஒரு கெடுதலும் வராதுங்க."

பெற்ற பிள்ளையை 'அவுங்க' என்றார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. எழுதும்போதும் கூசுகிறது.

மனு தள்ளுபடி. அபராதத்தைக் கட்டச் சொன்னார்கள். வெளியே வரும்போது அப்பா நின்ற இடத்தைத் தாண்டித்தான் வர வேண்டும். அங்கே வந்ததும் ஹெட் கிளார்க் சொன்னார், "பாத்தியா தம்பி, என்னமா நடிக்கிறானுங்க."

"ஆமாம் சார்" என்றேன். அப்பாவுக்குக் கேட்காமல் இருந்திருக்காது.