விளக்கேற்றிய வீட்டின் விலை

வெள்ளையம்மாளுக்கு இந்த உலகத்தில் சொந்தமாக ஒரு செங்கல்கூடக் கிடையாது. ஆனாலும் திருப்பூரை ஒட்டிப் பணக்காரர்கள் குடியிருக்கும் ஒரு காம்பவுண்டு காலனியில், மூன்றரைக் கோடி விலை சொன்ன பங்களாவின் விலையைப் பல மாதம் தாங்கிப் பிடித்தவள் அவள்தான். சம்பளம் கொடுத்தவர்களே இதை ஒப்புக்கொண்டார்கள், காரியம் கெடும் வரைக்கும்.

பங்களா தனபாலுடையது. பனியன் ஏற்றுமதி அமோகமாக நடந்தபோது ஆசை ஆசையாகக் கட்டினார். லிஃப்ட், இத்தாலி மார்பிள், படம் பார்க்கத் தனி அறை. பால் காய்ச்ச நாள் குறிக்கும் நேரத்தில் அமெரிக்க ஆர்டர்கள் நின்றுபோயின. குடியேறாமலே விற்கத் துணிந்து நாலரைக் கோடி என்றார். வந்தவர்கள் மார்பிளைத் தடவிப் பார்த்தார்கள், லிஃப்டில் ஏறி இறங்கினார்கள், போன பிறகு போனை எடுக்கவில்லை. விலை நாலாயிற்று, மூன்றே முக்காலாயிற்று, மூன்றரையில் வந்து நின்றது. அப்போதுதான் வீட்டுத் தரகர் செந்தில்வேல் ஒரு யோசனை சொன்னார். விளக்கெரியாத வீட்டுக்குள் நுழைந்தால் பெண்களுக்கு மனசு ஒப்பாது. அவர்களுக்கு ஒப்பாவிட்டால் இந்தப் பக்கத்தில் எந்த ஆணும் செக்கில் கையெழுத்துப் போடமாட்டான். அந்திக்கு வாசல் தெளித்துக் கோலம் போட்டுப் பூஜை அறையில் விளக்கேற்ற ஒரு சுமங்கலி வேண்டும். புருசனும் பெண்டாட்டியுமாகக் காவலுக்கு வைத்தால் இரண்டு வேலையும் ஒரே சம்பளத்தில் முடியும் என்றார். கடைசியில் சொன்னதுதான் தனபாலுக்கு மிகவும் பிடித்தது.

அப்படி வந்து சேர்ந்தவர்கள்தான் சந்தனமும் வெள்ளையம்மாளும். கல்யாணமான கையோடு சாத்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ் ஏறியவர்கள். திருப்பூரில் மண்ணரைப் பகுதியில் ஒற்றை அறை லைன் வீடு. அவள் கம்பெனியில் செக்கிங் மேசையருகே நின்று பனியனில் ஓட்டை தேடினாள். அவன் சாயப்பட்டறையில் நின்றான். வாழ்க்கை பூராவும் நின்றே கழிந்தது. சந்தனம் குடிக்கிறவன் இல்லை, ஆனாலும் ஈரல் கெட்டது. காலும் வயிறும் வீங்கிப் பட்டறை வேலை முடியாமல் போனபோதுதான் இந்தக் காவல் வேலை கிடைத்தது. பங்களாவுக்குப் பின்னால் மதிலோரம் ஓர் அறை, ஒரு கக்கூஸ். மகள் நதியா பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கென்று புத்தகம் வைக்க ஓர் அலமாரித் தட்டு வாய்த்தது இங்கேதான். வீடு விற்றதும் வாங்குகிறவரிடம் சொல்லி அவர்களை அதே அறையில் இருக்க வைப்பதாகத் தனபால் வாக்குக் கொடுத்திருந்தார். அது நடக்காவிட்டால் நதியாவின் படிப்பு அதோடு சரி, கம்பெனி வேன் ஏற வேண்டியதுதான். வெள்ளையம்மாள் பயந்தது இந்த ஒன்றுக்குத்தான்.

அந்த அறைக்காக அவள் எதற்கும் தலையாட்டினாள். கருவாடு வறுக்கக்கூடாது என்றார் செந்தில்வேல், வறுக்கவில்லை. துணி முன்பக்கம் காயக்கூடாது என்றார், பின்சுவரில் காயப்போட்டாள். ஆள் வரும்போது சந்தனம் இருமும் சத்தம் வெளியே கேட்கக்கூடாது என்றார். அதற்கு அவன் தானாகவே தலையணையை வாயில் வைத்து அழுத்திக்கொள்ளக் கற்றுக்கொண்டான்.

பெரியாஸ்பத்திரியில் இனி வைத்தியம் இல்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்றார்கள். எந்த வீட்டுக்கு என்று சொல்லவில்லை. மண்ணரையில் பழைய லைன் வீட்டுக்காரரைக் கேட்டுப் பார்த்தாள். சாகக் கிடக்கிறவனுக்கு வீடு கொடுத்தால் பிறகு யாரும் குடிவரமாட்டார்கள் என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். செந்தில்வேலிடம் சொன்னபோது அவர் முகமும் கறுத்தது.

“அக்கா, இங்க ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிப்போச்சுன்னா ஊடு வெல போகாதுங்க. சாவு உளுந்த ஊட்ட நம்ம பக்கம் யாரும் வாங்கமாட்டாங்க. கொஞ்சம் பாத்துக்குங்க” என்றார். பார்த்துக்கொள்வதற்கு அவள் கையில் என்ன இருந்தது?

ஒரு மத்தியானம் அவள் கஞ்சி ஆற்றிக்கொண்டிருக்கும்போதே சந்தனம் போய்விட்டான். ஒரு சத்தமும் இல்லை. கரண்டியை வாயருகே கொண்டுபோனபோதுதான் தெரிந்தது. அவள் வாயைத் திறக்கும் முன் போன் அடித்தது. முதலிபாளையத்தில் தோட்டமும் கம்பெனியுமாக வசதியான குடும்பம், வண்டி கிளம்பிவிட்டது, அவர்கள் வீட்டுப் பெரியம்மாவும் கூட வருகிறார், பூ வைத்துக்கொண்டு தயாராக இருங்கள் என்றார் செந்தில்வேல். வெள்ளையம்மாள் சரி என்றாள். ஏன் சரி என்றாள் என்று பிற்பாடு அவளை எத்தனையோ பேர் கேட்டார்கள். அவள் கண்ணெதிரில் இருந்தது நதியாவின் புத்தகங்கள்தான்.

அவன் கண்ணை மூடி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, தூங்குகிறவனுக்குப் போர்த்துவதுபோல் மார்புவரை போர்த்திவிட்டுக் கதவைச் சாத்தினாள். முகம் கழுவிப் பொட்டு வைத்தாள், பூ வைத்தாள். பிணம் கிடக்கத் தீட்டோடு பூஜை அறைக்குள் காலை வைத்தாள். தீக்குச்சிகள் ஒடிந்து ஒடிந்து போயின. கடைசியில் விளக்கு எரிந்தது.

வந்த பெரியம்மாவின் பெயர் தெய்வாத்தாள். மகன் லிஃப்டையும் மொட்டை மாடியையும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் விளக்குக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். வேறு வீடுகளில் ஏறாத மனசு இங்கே ஏறிவிட்டது என்று வெளிப்படையாகவே சொன்னார். தினமும் விளக்கேற்றுவது இவள்தானா என்று கேட்டு, அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் இருத்திக்கொண்டார். வீட்டுக்காரர் எங்கே என்று விசாரித்தார்.

“மேலுக்குச் சொகமில்லம்மா. ஈரல் கெட்டுப்போச்சு. ஒறங்குறாக” என்றாள் வெள்ளையம்மாள்.

மூன்றரைக் கோடிக்கு ஒரு பைசா குறைக்காமல் பேச்சு முடிந்தது. அவர்கள் கார் திரும்பும்போது நதியா பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். கேட்டருகிலேயே வெள்ளையம்மாள் மகளின் பையை வாங்கிக்கொண்டு, கார் தெரு முனையைத் தாண்டும்வரை காத்திருந்து, பிறகுதான் அவள் காதோடு அப்பா போய்விட்ட செய்தியைச் சொன்னாள். சொன்ன வாயோடு மகளின் வாயையும் பொத்தினாள். பெற்ற மகளுக்கு இதைவிடப் பெரிய கொடுமையை அவள் செய்ததில்லை. நதியா அன்றைக்குப் பேச்சை நிறுத்தியவள்தான்.

விஷயம் தெரிந்ததும் தனபால் தாராளமாக நடந்துகொண்டார் என்றே சொல்ல வேண்டும். ஊருக்குக் கொண்டுபோக வண்டி பிடித்துக் கொடுத்தார், செலவுக்கும் கொடுத்தார். ஆஸ்பத்திரிக்குப் போவதாகவே அக்கம்பக்கத்தில் சொல்லச் சொன்னார். வீட்டுக்குள் நடக்கவில்லையே, வெளியறையில்தானே என்று செந்தில்வேலிடம் இரண்டு தடவை சொல்லித் தன் மனசையும் தேற்றிக்கொண்டார். முன்பணம் கொடுக்க நல்ல நாள் பார்த்திருந்தார்கள். அது பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்பே வந்தது. கழுத்திலிருந்து தாலி இறங்குவது அன்றைக்குத்தானே, அதுவரை சுமங்கலிதானே என்று செந்தில்வேல் கணக்குப் போட்டார். அந்தக் கணக்கைக் கேட்டுச் சாமிகூட வாயடைத்துப் போயிருக்கும். சிதைச் சாம்பலைக் கரைத்த கையோடு, ஊர்ப் பெண்கள் காறித் துப்பாத குறையாகப் பேசியதையும் வாங்கிக் கட்டிக்கொண்டு, வெள்ளையம்மாள் மகளோடு திரும்பி வந்து விளக்கேற்றினாள்.

முன்பண நாளன்று தெய்வாத்தாள் தாம்பூலத் தட்டை அவள் கையிலேயே கொடுத்தார். வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம், அதன்மேல் பணக்கட்டு. வீடு இவள் கைராசியில் வருகிறது, இவள் எடுத்துக் கொடுத்துத்தான் தனபால் வாங்க வேண்டும் என்றார். அவரே குங்குமத்தைத் தொட்டு அவள் நெற்றியிலும் தாலியிலும் வைத்தார்.

“உங்க ஊட்டுக்காரரு நூறு வருசம் இருக்கோணும் கண்ணு. அவருக்குன்னு எங்க தோட்டத்துச் செவ்வெளநி கொண்டாந்திருக்கறன். ஈரலுக்கு நல்லது. வா, நானே என்ர கையால குடுக்கறன்” என்று இளநீர்ப் பையை எடுத்துக்கொண்டு பின்வாசல் பக்கம் நடந்தார்.

ஊருக்குப் போயிருக்கிறார் என்று செந்தில்வேல் குறுக்கே வந்தார். வெள்ளையம்மாளும் அதையே சொல்லியிருக்கலாம். அறை மிஞ்சியிருக்கும், நதியா படித்திருப்பாள். பொய் சொல்கிறவர்களிடம் பொய் சொல்லிவிடலாம், தன் புருசனுக்காக இளநீர் சுமந்து வந்தவரிடம் அவளால் முடியவில்லை.

“அவுக இல்லம்மா. நீங்க வீடு பாக்க வந்தீகள்ல, அன்னைக்கே போயிட்டாக. உள்ள பொணமாக் கெடந்தாக. நான்தான் உங்களுக்கு வெளக்கேத்திக் காட்டுனேன்” என்றாள்.

தெய்வாத்தாள் பையைக் கீழே வைத்தார். அவள் கையிலிருந்த தட்டை மெதுவாக வாங்கி மகனிடம் கொடுத்தார். வாசலைத் தாண்டும்வரை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. தனபால் தனக்கு ஒன்றுமே தெரியாது என்று அந்த மகனிடம் சத்தியம் செய்தார். செந்தில்வேலும் செய்தார். பொய் சொன்ன பாவம் மொத்தமும் வெள்ளையம்மாள் தலையில் இறங்கியது. பொழுது சாய்வதற்குள் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டுத் தனபால் காரில் ஏறினார்.

அவள் சாமான்களைக் கட்டும்போது செந்தில்வேல் கேட்டருகே நின்று வேறு யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். பாண்டிச்சேரிப் பார்ட்டி, இந்தச் சடங்கு சம்பிரதாயமெல்லாம் பார்க்கிறவர்கள் இல்லை போலிருந்தது. மூணு பத்துக்கு முடிச்சுக்கலாங்க என்றது காதில் விழுந்தது. வெள்ளையம்மாளுக்குக் கணக்கு தெரியும். நாற்பது லட்சம் குறைந்திருந்தது. உயிரோடிருந்தவரை சந்தனத்துக்காக யாரும் நாற்பது ரூபாய்கூட யோசிக்காமல் எடுத்ததில்லை.

நதியா அலமாரித் தட்டிலிருந்து புத்தகங்களை எடுத்துச் சாக்கில் போட்டாள். பிறகு வந்து அம்மாவின் தோளைத் தொட்டு, இத்தனை நாளுக்கப்புறம் முதல் தடவையாக வாய் திறந்தாள்.

“அழும்மா. இனி யாரும் வரமாட்டாக.”

வெள்ளையம்மாள் அந்த அறை வாசலில் தரையோடு உட்கார்ந்து, தலைமயிரை அவிழ்த்துப்போட்டு, புருசன் பேரைச் சொல்லி ஓங்கி அழுதாள். அடுத்தடுத்த பங்களாக்களில் ஜன்னல் கதவுகள் சாத்தப்பட்டன. செந்தில்வேல் போனைக் கையால் மூடிக்கொண்டு ஓடிவந்து, மெதுவாக அழும்படி கெஞ்சினார். அவள் இன்னும் சத்தமாக அழுதாள்.