ஒன்றாம் நம்பர்

கப்பலூரில் நான் வேலை பார்த்த கம்பெனியில், எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான சர்வரின் இணைப்பு திடீர் திடீரென்று அறுந்துபோனது. பில் போட முடியாமல் லாரி வாசலில் நின்றது. மதுரையிலிருந்து வந்த சர்வீஸ்காரர் ஒல்லியானவர்; யோசிக்கும்போது மீசை நுனியைக் கடிப்பார். சர்வரை அணைத்துவிட்டு, வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து, நெட்வொர்க்கில் அதற்குக் கொடுத்திருந்த ஒன்றாம் நம்பரைக் கூப்பிட்டார். பதில் வந்தது!

"இதே நம்பர்ல இன்னொருத்தரு ஒக்காந்திருக்காரு தம்பி. அதான் அறுந்து அறுந்து போகுது."

தேடிப் போனால், முதலாளி அறை. ஒன்றாம் நம்பர் தனக்குத்தான் என்று அவரே தன் கம்ப்யூட்டரில் போட்டு வைத்திருந்தார்.

சர்வீஸ்காரர் அதைத் தொடவில்லை. சர்வரின் நம்பரை மாற்றி, எங்கள் கம்ப்யூட்டர் ஒவ்வொன்றிலும் அதைத் திருத்தினார்.

"அவரோடத மட்டும் மாத்துனா முடிஞ்சிருக்குமேண்ணே?"

கேலியா, மரியாதையா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடாத குரலில் சொன்னார்: "நாளைக்கே திரும்ப ஒண்ணாம் நம்பரப் போட்டுக்கிருவாரு. சர்வருக்கு அந்த ஆசையெல்லாம் கெடையாது தம்பி."