முன்பல் சந்து

எனக்கு முன்பல் இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து இருந்தது. பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு நெல்மணியைச் செருகி வைக்கலாம், அவ்வளவுதான். அந்தச் சந்தை அடைத்ததால் என்ன ஆனது என்று யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். எனக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை.

நான் ஜாஸ் ட்ரம்பெட் வாசிப்பவள். பிள்ளையார்பாளையத்தில், வீட்டுக்கு வீடு தறி ஓடும் தெருவில் பிறந்துவிட்டு இந்தத் தொழிலுக்கு எப்படி வந்தாய் என்று வெளிநாட்டில் ஆச்சரியமாகக் கேட்பார்கள். பதில் சப்பென்றுதான் இருக்கும். பள்ளிக்கூடத்தில் பேண்டு குழு இருந்தது. அந்தப் பித்தளைக் குழாயை வாயில் வைத்த மற்ற பெண்களுக்கெல்லாம் காற்று வந்தது, எனக்குச் சத்தம் வந்தது. கல்லூரிக்குச் சென்னை போனபோது ஜாஸைக் கேட்டேன். இருக்கிற மெட்டை விட்டுக் கிளம்பி, அந்த நொடியில் தோன்றியதை வாசித்துவிட்டு வீடு திரும்பலாம் என்று தெரிந்த பிறகு வேறு எதுவும் பிடிக்கவில்லை. ஓட்டல்களில், தட்டைப் பார்த்துச் சாப்பிடுகிறவர்களுக்கு வாசித்தேன். பிறகு பெங்களூர், மும்பை, இப்போது ஐரோப்பாவின் சின்னச் சின்ன அரங்குகள். பிழைப்பு ஓடுகிறது, பெயரும் கொஞ்சம் இருக்கிறது.

ஆனால் ஊரில் ஒருவரும் என்னை நேரில் கேட்டதில்லை. அம்மா உட்பட. வீட்டுக்கு வந்தால் குழாய் வாயில் அடைப்பான் செருகித்தான் பயிற்சி செய்வேன். தறிச் சத்தத்துக்கு நடுவே அது கொசு ரீங்காரம் போலத்தான் கேட்கும்.

தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானது. அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஆரம்பித்தாள்.

"ஏம்மா, எந்த போட்டோ எடுத்தாலும் அந்தப் பல்லு சந்துதான் முன்னாடி வந்து நிக்குது. அடைச்சிக்கினா இன்னா கெட்டுப்போவுது?"

கல்யாணம் வேண்டாம் என்றதற்கும், ஓட்டலில் வாசிப்பதற்கும் அம்மாவோடு மல்லுக்கட்டி ஜெயித்தவள் நான். ஒரு பல்லுக்காக இன்னொரு சண்டையா என்று சரி சொன்னேன். பல் டாக்டர் சின்னப் பெண். பல் நிறத்தில் ஏதோ பசையை வைத்து, நீல விளக்கைக் காட்டி இறுக்கினாள். வெளியே வந்ததும் அம்மா என் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து நெட்டி முறித்தாள்.

இந்தத் தொழிலில் இருப்பவளுக்குப் பல் முக்கியம் என்று தெரியாதா என்று கேட்கலாம். பல் ஆடினால் ஆபத்து, விழுந்தால் ஆபத்து என்று தெரியும். நடுவில் இருந்த வெறும் இடம் இவ்வளவு வேலை பார்த்துக்கொண்டிருந்தது என்று சத்தியமாகத் தெரியாது. அந்த வாரம் ட்ரம்பெட்டைத் தொடவும் இல்லை. அது சென்னையில் இருந்தது, நான் இங்கே பத்திரிகை வைக்க வீடு வீடாக அலைந்துகொண்டிருந்தேன்.

வரவேற்பு அன்று மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்த தம்பி திடீரென்று மைக்கைப் பிடித்தான்.

"எங்கக்கா பாரிஸ்ல எல்லாம் வாசிக்கிறாங்க. நம்ம ஊர்ல யாருமே கேட்டதில்ல. இன்னிக்கு நமக்காக வாசிக்கப் போறாங்கபா!"

எனக்குத் தெரியாமல் ஆள் அனுப்பி என் ட்ரம்பெட்டை வரவழைத்திருக்கிறான். பெட்டியைத் திறந்து கையில் எடுத்தேன். மண்டபம் முழுக்க எங்கள் தெரு. அம்மா முதல் வரிசையில், கையில் சந்தனக் கிண்ணத்தோடு. இவர்கள் என்னைக் கேட்கப் போகிறார்கள் என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் உதட்டில் வைத்து ஊதினேன்.

புஸ்ஸென்று காற்று.

மறுபடி ஊதினேன். என்ன வந்தது என்று எழுதக் கூசுகிறது, பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள் என்று மட்டும் சொல்கிறேன். இருபது வருஷமாக வாய்க்குள் இருந்த ஒன்றை யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். நாக்கு தன்னால் அந்தச் சந்தைத் தேடியது. வழவழவென்று சுவர். அப்போதுதான் புரிந்தது. மூன்றாவது முறை ஊதுவதற்குள், ஊர்வலத்துக்கு வந்த பேண்டு செட்டில் இருந்த ட்ரம்பெட்காரர் என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு ஒரு சினிமாப் பாட்டை எடுத்துவிட்டார். மண்டபம் குதூகலமானது. நான் படியிறங்கினேன்.

சாப்பாட்டுப் பந்தியில் பல்லைக் காட்டிக் காட்டிச் சொன்னேன். "ஆமாமா, பல்லுதான்," என்று எல்லோரும் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலே போதும், ஒருவரும் நம்பவில்லை. யூடியூபில் இருக்கிறது பாருங்கள் என்றேன். "அதெல்லாம் எடிட்டிங்க்கா, இப்ப ஏஐலயே பண்ணிடறாங்க," என்றான் ஒரு சித்தப்பா மகன், ஜாங்கிரியைப் பிட்டுக்கொண்டே. மறுநாள் காலை குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நான் மேடையில் ஊதிய வீடியோ வந்தது. கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள்.

கிளினிக் திறக்கும் முன்னாலேயே போய்ப் பல் டாக்டர் வாசலில் நின்றேன்.

"அக்கா, போன வாரம்தானே வெச்சோம்! எவ்ளோ அழகா செட் ஆயிருக்குது!"

"எடுத்துடும்மா."

அவள் ராவ ராவ, நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன். பழைய சந்து அப்படியே திரும்புமா என்று கேட்டேன். மயிரிழை முன்னே பின்னே இருக்கலாம் என்றாள். அந்த மயிரிழையை நினைத்து வீடு வரை அழுதேன்.

அம்மா கூடத்தில் கல்யாணச் சேலைகளை மடித்துக்கொண்டிருந்தாள். பெட்டியைத் திறந்து, அடைப்பான் போடாமல், முதல்முறையாக அந்த வீட்டில் முழுச் சத்தத்தில் வாசித்தேன். வந்தது. என் சத்தமே வந்தது. மெட்டை விட்டுப் போனேன், எங்கெங்கோ சுற்றினேன், திரும்பி வந்து முடித்தேன். அம்மா மடித்த சேலையை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரை கேட்டாள்.

"கேட்டியாம்மா?" என்றேன்.

"நல்லாத்தாம்மா இருக்குது," என்றாள். சேலையை வைத்துவிட்டு எழுந்து வந்து, என் கன்னத்தைத் தடவினாள். "நீ மனசு கஷ்டப்படாத. யாராச்சும் கேட்டா, சென்னையில ஆபீஸ்ல வேல பாக்கறான்னு சொல்லிடறேன்."

மேடையில் காற்று வந்தபோதுகூட நான் அப்படி வெலவெலத்துப் போகவில்லை. அவள் என்னிடம் அவ்வளவு பிரியமாகப் பேசி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.