பாஸ்வேர்டு கேட்காத ஃபோல்டர்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டில் யுஎஸ்பி கேபிளைக் காணவில்லை.

இதெல்லாம் ஒரு செய்தியா என்று கேட்பீர்கள். எனக்குச் செய்திதான். கம்ப்யூட்டரில் இருக்கும் ஒரு போட்டோ அவசரமாக என் போனுக்கு வர வேண்டும். கேபிள் இல்லை. பென் டிரைவைத் தேடினால், அது கேபிளுடன் சேர்ந்தே எங்கோ போயிருந்தது.

சும்மா போனைத் தடவிக்கொண்டிருந்தேன். ஃபைல்களைத் திறக்கும் ஆப் இருக்கிறது அல்லவா... அதில் ஓர் ஓரமாக ‘நெட்வொர்க்’ என்று எழுதியிருந்தது. எத்தனை வருடமாக அங்கே இருக்கிறதோ! நீங்கள் அதை அழுத்திப் பார்த்ததுண்டா? நானும் இல்லை. அன்றைக்கு அழுத்தினேன்.

ஒரு வட்டம் சுற்றியது. சுற்றி முடித்ததும், மேஜைமேல் இருக்கும் என் கம்ப்யூட்டரின் பெயர் போனில் வந்து நின்றது. பெயரைத் தொட்டேன். உள்ளே, எப்போதோ பிரின்டருக்காக நான் ‘ஷேர்’ செய்து வைத்த ஃபோல்டர். அதற்குள் அந்தப் போட்டோ!

விஷயம் எளிது. போனும் கம்ப்யூட்டரும் ஒரே வை-ஃபையில் இருந்தால் போதும். கம்ப்யூட்டரில் நாம் பொதுவாகத் திறந்து வைத்த ஃபோல்டருக்குள் போனிலிருந்தே போய் வரலாம். இதற்கு இன்டர்நெட்கூட வேண்டாமாம். அப்படியா? எனக்கு நம்பிக்கை வரவில்லை. வெளியிலிருந்து ரூட்டருக்கு வரும் நெட் வயரைப் பிடுங்கிவிட்டுப் பார்த்தேன். ஃபோல்டர் அப்போதும் திறந்தது. ஹாலில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்த என் மனைவியின் டி.வி.தான் நின்றது. அதன் பிறகு நடந்ததை விட்டுவிடுவோம்.

இந்தப் புது ஞானத்தோடுதான் முத்துராஜ் அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அல்லிநகரத்தில் எனக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. தேனிக்காரர்கள் பலருக்கு அவர் முகம் தெரியாது, குரல் தெரியும். ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ தெருவுக்குள் வரும்போது கேட்குமே ஒரு கனமான குரல்... சின்னமனூரில் பாத்திரக்கடை திறப்பு, போடியில் கண் பரிசோதனை முகாம், பெரியகுளத்தில் ஜவுளித் தள்ளுபடி... எல்லாம் அவர்தான். வீட்டின் பின்னறையில், சுவர் முழுக்கப் பழைய கம்பளியைத் தொங்கவிட்டு, ஒரு மைக், ஒரு கம்ப்யூட்டர். அவ்வளவுதான் அவருடைய ஸ்டுடியோ. மேகமலை எஸ்டேட் வரை அவர் குரல் போயிருக்கிறது. அவர் போனதில்லை. அந்த ரோட்டில் இடுப்பு தாங்காது என்பார்.

தை மாதம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. பின்னறையிலேயே விழுந்தார். கையிலிருந்த போன் நொறுங்கிப்போனது. வலது கை பலவீனமானது. கால் மெல்ல மெல்லச் சரியாகிவிட்டது. பேச்சு மட்டும் திரும்பவில்லை.

திரும்பவில்லை என்றால்? நாம் சொல்வது எல்லாம் புரிகிறது. ஜோக்குக்குச் சிரிக்கிறார். என்ன சொல்ல வேண்டும் என்பதும் உள்ளே தெரிகிறது. சொல்தான் வருவதில்லை. எதைக் கேட்டாலும் “அது... அது...” என்கிறார். டீ வேண்டுமானாலும் ‘அது’தான், ஃபேனை நிறுத்த வேண்டுமானாலும் ‘அது’தான். பேச்சையே தொழிலாக வைத்திருந்த மனிதர்.

நான் போனபோது அவர் மனைவி ஈஸ்வரி மதினி, பின்னறையில் கம்ப்யூட்டரின் வயர்களைக் கழற்றத் தயாராக நின்றிருந்தார். மறுநாள் அதைக் கடைக்குக் கொண்டுபோய் ‘பார்மட்’ செய்யப் போவதாகச் சொன்னார்.

ஏன் என்று கேட்டேன். கதை வந்தது.

அரசு மருத்துவமனைக்குப் பக்கத்தில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஒரு பெண்ணிடம் அண்ணனை அழைத்துப் போகிறார்கள். பெரிய திரையில் படம் பார்த்துச் சொல்லும் பயிற்சிகளை வீட்டிலும் செய்தால் நல்லது என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறார். வீட்டில்தான் கம்ப்யூட்டர் இருக்கிறதே? இருக்கிறது... ஆனால் பாஸ்வேர்டு அண்ணனுக்கு மட்டும்தான் தெரியும். அவரால் சொல்ல முடியாது. கீ-போர்டின் முன்னால் உட்கார வைத்தால் இடது கை விரல் எழுத்துக்களின்மேல் அலைந்துவிட்டு நின்றுவிடுகிறது. மகள் பெயர், குலசாமி பெயர், பழைய ஸ்கூட்டர் நம்பர் என்று எல்லாம் மதினி போட்டுப் பார்த்துவிட்டார். தப்பு, தப்பு, தப்பு. கடைசியில் கம்ப்யூட்டரே கொஞ்ச நேரம் கழித்து வா என்று சொல்லிவிட்டது.

கடைக்காரரும் முயன்று பார்த்திருக்கிறார். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினாலும் அது பூட்டியே இருந்ததாம். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம், வேறு வழியில்லை என்றிருக்கிறார். முதல் தடவை மதினி சம்மதிக்காமல், கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் திரும்பி வந்துவிட்டார்.

“உள்ள அவுக குரல் பூராம் இருக்கு தம்பி,” என்றார் மதினி. “அத எப்புடி அழிக்கச் சொல்லுவேன்? ஆனா பயிற்சி முக்கியம்னு சொல்றாக. வாய் தொறந்து பேசணுமா, பழைய குரல வச்சுக் கும்புடணுமா? பேசட்டும்னு முடிவு பண்ணிட்டேன்.”

இத்தனைக்கும் அந்தப் பயிற்சிப் பெண், அண்ணன் முன்பு பேசிய பதிவுகள் ஏதாவது இருந்தால் கொண்டு வாருங்கள் என்றும் கேட்டிருக்கிறார். ஆயிரம் தடவை சொல்லிப் பழகிய வாசகங்கள் சில பேருக்கு முதலில் வரும்; வரலாம், வராமலும் போகலாம் என்றாராம். ஆட்டோக்காரர்களிடம் கேட்டதில், விளம்பரம் முடிந்ததும் அழித்துவிடுவோம் என்று கைவிரித்துவிட்டார்கள். கிடைத்த ஒன்றிரண்டிலும் மேளச் சத்தத்துக்கு நடுவில் குரலைத் தேட வேண்டியிருந்தது.

அண்ணன் அறை வாசல் நிலையில் சாய்ந்து நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். பின்னாலிருந்து ஒரு வயர் சுவரோரம் ஓடி, ரூட்டரில் முடிந்தது. வை-ஃபை இருக்கிறதா மதினி என்றேன். நெட்டை நிறுத்திவிட்டோம், யார் பார்க்கிறார்கள் என்றார். ஆனால் ரூட்டரின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பிளக்கைப் பிடுங்க யாருக்கும் தோன்றவில்லை.

எனக்குள் பரபரவென்றது. அந்த ‘நெட்வொர்க்’ பட்டனை இங்கே அழுத்தினால் என்ன ஆகும்?

ஒரு தயக்கமும் இருந்தது. அது அண்ணனின் கம்ப்யூட்டர். பூட்டி வைத்தவர் எதிரிலேயே நிற்கிறார். அவரைக் கேட்காமல் உள்ளே எட்டிப் பார்ப்பதா? அவரிடமே கேட்டேன். “அண்ணே, போன் வழியா உள்ள போக முடியுதான்னு பாக்கட்டுமா?”

அவர் இடது கையை வேகமாக ஆட்டினார். “அது... அது...” வேண்டாம் என்கிறாரா? இல்லை. என் போனைக் காட்டினார். பிறகு ரூட்டரைக் காட்டினார். பிறகு மறுபடியும் என் போனை. மதினிக்குப் புரியவில்லை. எனக்கும் பாதிதான் புரிந்தது.

மதினி கம்ப்யூட்டரை ஆன் செய்தார். பாஸ்வேர்டு கேட்கும் அதே திரை வந்து நின்றது. ரூட்டரின் அடியில் ஒட்டியிருந்த வை-ஃபை பாஸ்வேர்டைப் பார்த்து என் போனை இணைத்தேன். இந்த வை-ஃபையில் இன்டர்நெட் இல்லை, தொடரவா என்று போன் கேட்டது. தொடர் என்றேன். ‘நெட்வொர்க்’கை அழுத்தினேன். வட்டம் சுற்றியது... சுற்றியது... எதுவும் இல்லை.

மறுபடி தேடச் சொன்னேன். இம்முறை ஒரே ஒரு பெயர் வந்தது. முத்துராஜ்.

தொட்டேன். பெயரும் பாஸ்வேர்டும் கேட்டு ஒரு கட்டம். இங்கேயுமா! மதினி பெருமூச்சு விட்டார். அண்ணன் மட்டும் நெருங்கி வந்து, என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, கட்டத்தின் அடியில் ஓரிடத்தைக் காட்டினார். ‘பெயரில்லாமல் நுழைக’ என்று சின்னதாக ஒரு வரி. எனக்குக் கண்ணாடி போட்டாலும் தெரியாத வரி. அதில் டிக் செய்தேன்.

திறந்துவிட்டது.

கம்ப்யூட்டர் திரை பாஸ்வேர்டு கேட்டபடி அப்படியே நிற்கிறது. போனில் ‘ஆடியோ’ என்று ஒரு ஃபோல்டர் திறந்து கிடக்கிறது. உள்ளே வரிசை வரிசையாக அவர் பதிவு செய்தவை. மதினி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இது எப்படி என்பது பிறகு மதினி யோசித்துச் சொன்னதில் விளங்கியது. ஆட்டோக்காரர்கள் கொண்டு வரும் பென் டிரைவிலிருந்து ஒரு முறை வைரஸ் ஏறி, அண்ணனின் ஒரு வார வேலை போய்விட்டதாம். அன்றோடு பென் டிரைவுக்குத் தடை. வாசலில் நின்று வை-ஃபையில் சேர்ந்து, அவரவர் போனிலேயே எடுத்துக்கொள்ளட்டும் என்று அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் பாஸ்வேர்டு இல்லாமல் திறந்துவிட்டிருக்கிறார். கம்ப்யூட்டர் பூட்டியிருந்தாலும், ஆன் செய்து வைத்திருந்தால் அந்த வழி திறந்தே இருக்கும். அதைச் சொல்லத்தான் அவர் இத்தனை மாதமாக யார் போனைப் பார்த்தாலும் “அது... அது...” என்று காட்டிக்கொண்டிருந்தாரோ? கேட்டேன். மெதுவாகத் தலையாட்டினார். கண் கலங்கியிருந்தது.

அவரிடம் வழி இருந்தது. வார்த்தை இல்லை. எங்களிடம் வார்த்தை ஏராளமாக இருந்தது...

முதலில் எல்லாவற்றையும் என் போனுக்கு நகல் எடுத்தேன். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒன்றைத் தொட்டேன். ஏதோ நர்சரிப் பள்ளி விளம்பரம். பாதியில் அண்ணனின் குரல் நிற்கிறது. தூரத்தில் மதினியின் குரல், தோசை ஆறுகிறது என்கிறது. “ஏன்டி, ரெக்கார்டிங்ல இருக்கேன்ல,” என்கிறார் அண்ணன். பிறகு, கொஞ்சம் தணிந்து, “சட்னி எதுல?”

மதினி சிரித்தார். சிரித்துக்கொண்டே அடுக்களைக்குப் போய்விட்டார். குழாயைத் திறக்கும் சத்தம் மட்டும் வெகுநேரம் கேட்டது.

நானும் அண்ணனும் அடுத்ததைக் கேட்டோம். எடுத்த எடுப்பில் அவருடைய வழக்கமான தொடக்கம்: “அன்பார்ந்த பொதுமக்களே...” அதற்குப் பிறகு அவர் எப்போதும் ஒரு மூச்சு விடுவார். அந்த இடைவெளியில் அண்ணனின் உதடு அசைந்ததைப் பார்த்தேன். கற்பனையோ என்று தோன்றியது. திரும்பவும் அதையே ஓடவிட்டேன். உதடு அசைந்தது. சத்தம் இல்லை. இன்னொரு தடவை. “அன்பார்ந்த...” என்று வந்ததும் போனை நிறுத்தினேன். ஏன் நிறுத்தினேன் என்று எனக்கே தெரியாது. என்ன ஆகும் என்று பார்க்கும் ஆசைதான்.

“பொதுமக்களே,” என்றார் அண்ணன்.

தெளிவாக. கனமாக. அந்த ‘ளே’யைக் கொஞ்சம் இழுத்து.

அடுக்களையில் குழாய் நின்றது. மதினி ஈரக் கையோடு ஓடி வந்து, போனா பேசியது என்று கேட்டார். இல்லை என்றேன். மறுபடி ஓடவிட்டு, அதே இடத்தில் நிறுத்தினேன். அவர் மறுபடி சொன்னார். மதினி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். என் பேரச் சொல்லுங்க என்றார். அண்ணன் வாயைத் திறந்தார். முயன்றார். “அது...” என்றார்.

மதினி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “பரவால்ல. பொதுமக்கள் முன்னால வந்துட்டாக. நான் பொறகு வாரேன்.”

கம்ப்யூட்டர் மறுநாள் கடைக்குப் போகவில்லை. பதிவுகளையெல்லாம் மதினியின் போனிலும் மகளின் போனிலும் என் கம்ப்யூட்டரிலும் பத்திரப்படுத்திய பிறகு, அந்த வாரக் கடைசியில்தான் போனது. பார்மட் ஆகித் திரும்பியும் வந்துவிட்டது. இப்போது புது பாஸ்வேர்டு. அது அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் நானும் ஒருநாள் கூடப் போனேன். அவர் அவசரப்படுத்தவில்லை, பெரிய நம்பிக்கையும் கொடுத்துவிடவில்லை. நாமாக யோசித்துச் சொல்லும் சொல் வருகிற பாதை வேறு, திரும்பத் திரும்பச் சொல்லித் தடம் பதிந்த வாசகம் வருகிற பாதை வேறு என்றார். ஒன்று அடைபட்டால் மற்றொன்றில் முயன்று பார்க்கலாம். பாதி வாசகத்தை ஓடவிட்டு, மீதியை அவரைச் சொல்லவைப்பது இப்போது தினசரிப் பயிற்சி. சில நாள் வருகிறது. சில நாள் வருவதில்லை.

அண்ணனின் ஃபோல்டர் திறந்த அன்று, வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? என் கம்ப்யூட்டரில் எதையெல்லாம் திறந்து போட்டிருக்கிறேன் என்று பார்த்தேன். ஒரு ஃபோல்டர் என்று நினைத்து ஒரு டிரைவையே ஷேர் செய்து வைத்திருந்தேன்! எங்கள் வை-ஃபை பாஸ்வேர்டு பக்கத்து வீட்டுக்கும் தெரியும். பத்திரிகைக்கு எழுதிப் பாதியில் நிற்கும் பத்திகள், வருமான வரிக் கணக்கு, நான் ரகசியமாகப் பாடிப் பார்த்த பாட்டு... எல்லாம் பொதுச்சொத்தாகக் கிடந்திருக்கிறது. உடனே மூடினேன். நீங்களும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். எது பூட்டியிருக்கிறது, எது திறந்திருக்கிறது என்று நமக்கே சரியாகத் தெரிவதில்லை. கம்ப்யூட்டரிலும் சரி, மனிதரிலும் சரி.

முந்தாநாள் மதினி போன் செய்தார். குரலில் ஒரு துள்ளல். மத்தியானம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, உள்ளே அறையிலிருந்து சத்தம் வந்ததாம். போனில் பதிவு ஓடுகிறது என்று முதலில் நினைத்திருக்கிறார். போன் மதினியின் இடுப்பில்தான் இருந்தது.

“தண்ணின்னு வரல தம்பி,” என்றார். “‘குடிநீர் விநியோகம்’னு வந்துச்சு. மைக்ல சொல்ற மாதிரியே. போய்ப் பாத்தா, காலி சொம்பக் காட்டுறாக. மொண்டு குடுத்தேன்.”

அறிவிப்பு முடிவதற்குள் தண்ணீர் வந்து சேர்கிற வீடு, எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.